வாடைக்காற்றும் கள்ளிச் சாடிகளும்

கள்ளி வளர்ப்பு பற்றி எங்கே படித்தாலும் 'குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்துங்கள்' என்றுதான் முதலில் வரும். ஐரோப்பாவில் 5 முதல் 10 பாகைக் குளிரில் செடியை உறங்கவைக்கிறார்கள். அவர்களுக்கான விதி அது. திருகோணமலையில் தை மாத இரவிலும் வெப்பம் 24 பாகையை ஒட்டியே நிற்கும். ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. ஆனால் ஐப்பசி பிறந்தால் வாடையோடு மாரி வந்துவிடும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த சில மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கும். இங்கே தண்ணீரை நிறுத்துவதென்றால் கூரை தேட வேண்டும்.

அதனால் இந்த மாரிக்கு முன் இடத்தைத்தான் முதலில் மாற்றினேன். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுகிறது, மதியத்திலும் உச்சிக்கு வராது. மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உப்புவெளியில் எங்கள் வீட்டின் தென்மேற்குத் தாழ்வாரத்தில்தான் வெயில் விழும், சாரல் விழாது. பழைய இறாக்கை ஒன்றை அங்கே நிறுத்தினேன். "கன்னிமூலை பாத்து வச்சிருக்கீங்க போல தம்பி" என்றார் பக்கத்து வீட்டு மாமி. வாஸ்து ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. முள்ளுச் செடியை வீட்டுக்குள் ஏற்றாதவரை அவருக்குச் சரி.

இறாக்கையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பொலித்தீன் கட்டினேன். முழுதாகச் சுற்றினால் உள்ளே வியர்த்து, மழையில் நனைந்ததைவிடக் கேடாகிவிடும். மழை விடாத நாட்களில் மேசை ஃபேனைக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். மின்கட்டணம் பற்றி வீட்டில் ஒரு பேச்சு வந்தது, அது வேறு கதை.

மண் விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. கழுவிய ஆற்றுமணல், செங்கல் நொறுங்கல், உமிக்கரி, கொஞ்சமாக மக்கிய சாணம். தும்புத்தூளை முற்றாக விட்டுவிட்டேன். கோடையில் நல்லதுதான், மாரியில் பிழிந்தெடுக்காத துணி மாதிரி ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கரையோர நாகதாளி அத்தனை மழையிலும் கல்லுப்போல நிற்பதற்கு அதன் காலடி மணலும் ஒரு காரணம்.

தண்ணீர் விடுவதற்கு நாட்கணக்கு எதுவும் வைக்கவில்லை. சாடியின் அடித்துளையால் தென்னை ஈர்க்கு ஒன்றைக் குத்தி, சற்று விட்டு உருவிப் பார்ப்பேன். ஈர்க்கில் ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் தொடுவதில்லை. உருண்டைக் கள்ளிகளுக்குக் கார்த்திகை, மார்கழி முழுக்க ஒரு சொட்டும் விடவில்லை. வயிறு சற்று ஒட்டினதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. மமிலாரியா என்ற சின்னக் கள்ளிகளுக்கு வெயில் எறித்த நாட்களில் மட்டும் காலையில் விளிம்போரமாகக் கொஞ்சம் விட்டேன், அதுவும் பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர். எங்கள் கிணறு உவர். அதை விட்டால் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

எல்லாக் கள்ளிக்கும் ஒரே சட்டம் போட முடியாது. தலையில் சிவப்பு, மஞ்சள் உருண்டை ஒட்டிய ஒட்டுக்கள்ளிக்கு அடித்தண்டு டிராகன் பழக் கொடி. அது வெப்பக் காட்டுக் கொடி, முற்றாகக் காயவிட்டால் சுருங்கும். மேலே உள்ள உருண்டையில் பச்சையம் இல்லை, அடித்தண்டு போனால் அதுவும் போகும். ஆகவே அதற்கு மாரியிலும் அளவாகத் தண்ணீர் உண்டு. ரிப்சாலிஸ் இன்னும் வேறு மாதிரி. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கள்ளி இனம் அது; நம் இலங்கைக் காடுகளிலும் மரத்தில் தொற்றி வளர்கிறது. அதை மாரி முழுக்க வேப்பமரக் கிளையிலேயே தொங்கவிட்டேன். தழைத்துப்போய்க் கிடக்கிறது.

மலைநாட்டிலிருந்து வந்த ஜிம்னோகலீசியம் என்ற கள்ளி ஒன்று மட்டும் கார்த்திகைக் கடைசியில் அடியில் மெத்தென்றானது. வேரோடு வந்த நாற்று மண்ணுருண்டை நடுவில் ஈரமாகவே இருந்திருக்கிறது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, பழுப்பு வட்டம் ஒரு புள்ளியும் தெரியாமல் போகும்வரை மெல்லிய வில்லைகளாக அரிந்துகொண்டே போனேன். இதில் இரக்கம் பார்க்கக் கூடாது, கொஞ்சம் பழுப்பு மிஞ்சினாலும் மறுபடி அழுகும். வெட்டுவாயில் கந்தகத்தூள் பூசினேன். இந்த ஈரக்காற்றில் வெட்டுவாய் இலேசில் காயாது. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கச் சூட்டில் வைத்த பிறகுதான் தோல் கட்டியது. இப்போது வெறும் மணல்மேல் உட்கார்ந்து வெள்ளை வேர் விட்டிருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு வானம் வெளித்தது. மேகமூட்டத்தில் இருந்த செடிகளை உடனே வெயிலில் வைத்தால் தோல் வெந்து தழும்பாகும், அது மாறாது. அதனால் நிழல் வலைக்குக் கீழே வைத்து மெல்ல மெல்லப் பழக்குகிறேன். மமிலாரியா இரண்டில் உச்சியைச் சுற்றி மொட்டு வளையம் தெரிகிறது. ரெபூட்டியா என்ற கள்ளி இம்முறையும் பூக்கவில்லை. இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கும் நுவரெலியாவில் அதற்கு வேண்டிய குளிர் கிடைக்கும், இங்கே கிடைக்காது. அதை அங்கிருக்கும் மச்சானிடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு ரிப்சாலிஸ் தொங்கவிடப் போகிறேன்.