ஒரு மாதக் கெடுவும் தனியார் வாசலும்

பாகுபாட்டுக்கு ஆளானவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது திகதி. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் காரணமாக எந்தப் பிரஜையையும் வேறுபடுத்தக் கூடாது என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. அரச அலுவலகம் அதை மீறினால், 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நீதிமன்றம் இருப்பது கொழும்பு புதுக்கடையில். திருகோணமலை மாவட்டத்தின் வெருகலில் இருக்கும் ஒருவர் சட்டத்தரணியைப் பிடித்து, ஆவணம் சேர்த்து, சத்தியக் கடதாசி முடிக்க அந்த மாதம் எப்படிப் போதும்?

பலர் வழக்கை இழப்பது இங்கேதான்: திணைக்களத்துக்கு மேன்முறையீடு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அந்தக் கடிதம் கெடுவை நிறுத்தாது. அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு விசாரணை நடக்கும் காலத்தை அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்காது. முறைப்பாட்டு இலக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். விசாரணை நடக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு நீதிமன்றம் கேட்பது அதைத்தான்.

ஆணைக்குழு தருவது பரிந்துரை மட்டுமே. திருகோணமலைப் பாடசாலையொன்றில் அபாயா (முஸ்லிம் பெண்கள் அணியும் நீண்ட அங்கி) அணியத் தடுக்கப்பட்ட ஆசிரியைக்குச் சார்பாகப் பரிந்துரை வந்த பின்னும் அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

தனியார் துறையில் இந்த வழிகூடக் கிடையாது. நிலாவெளி ஹோட்டலொன்று மதத்தைக் காட்டி வேலை மறுத்தாலும், நகரத்தில் இனம் கேட்டு வாடகை வீடு மறுத்தாலும் 126 உதவாது. அது அரசின் செயலுக்கு மட்டுமானது. கடை, ஹோட்டல், கோயில் வாசல்களைப் பற்றி 12(3) தெளிவாகவே பேசுகிறது. ஆனால் அந்தக் கடைக்காரரை எங்கே நிறுத்துவது? சாதி காட்டித் தடுத்தால் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்குப் பொலிஸ் முறைப்பாடு வேண்டும்.

ஊரிலேயே நீதி கேட்கும் வழி ஏற்கெனவே ஒன்று உண்டு. வலுவிழந்தோருக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலையிலோ கல்வி அனுமதியிலோ பாகுபாடு நடந்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போக இடம் தருகிறது. அதே கதவை எல்லாப் பாகுபாட்டுக்கும், தனியாருக்கும் சேர்த்துத் திறக்க வேண்டும். ஒரு மாதம் குறைந்தது ஒரு வருடமாக வேண்டும். தென்னாபிரிக்காவின் 2000ஆம் ஆண்டுச் சட்டம்போல, முறையிட்டவர் முதற்தோற்றச் சான்று, அதாவது முதல் பார்வைக்குப் பாகுபாடு என்று தோன்றும் அளவுக்கான சான்று, காட்டியதும் நிரூபிக்கும் பொறுப்பு மற்றவருக்கு மாற வேண்டும். ஏன் எடுக்கவில்லை என்பதற்கான காகிதம் வேலை கேட்டுப் போனவரிடம் இருக்காது. முதலாளியின் கோப்பில்தான் இருக்கும்.