சின்ன மரத்துக்கு யாரு காசு கொடுப்பா?

காட்டுத்தீ ஆபத்து குறையணும்னா நெருக்கமா வளர்ந்து நிக்கிற சின்ன மரங்களை வெட்டி எடுக்கணும், ஆனா மில்லுக்காரங்க கேக்குறது பெரிய மரத்தைத்தான், சின்னதை வெட்டி லாரில ஏத்துற கூலி கூட பல இடத்துல வித்தா வராது, சிக்கலே அங்கதான். அமெரிக்க வனத்துறை பட்ஜெட்ல 2015லயே பாதிக்கு மேல தீ சம்பந்தமான செலவுக்கே போயிடுச்சு, அப்புறம் தடுக்க எங்க மிச்சமிருக்கும்?

எனக்கு ரொம்பப் பிடிச்சது அமெரிக்காவுல டென்வர் நகரத்துக் குடிநீர் வாரியம் செஞ்சது. 1996லயும் 2002லயும் எரிஞ்ச மலைல இருந்து மழைக்கு மண்ணு அடிச்சிட்டு வந்து அணைல சேர்ந்து, அதை அள்ளவே கோடிக்கணக்குல டாலர் போச்சு, அதனால 2010ல இருந்து வனத்துறையோட சேர்ந்து மரங்களைக் குறைக்க அவங்களும் பணம் போடுறாங்க. பலன் அடையுற எல்லாருமே இப்படிப் பங்கு போடணும், இன்சூரன்ஸ் கம்பெனிங்க உட்பட. ஒரு தடவை வெட்டிட்டா முடிஞ்சுடாது, திரும்ப வளரும், கீழ கிடக்குற சருகையும் கட்டுப்பாட்டோட எரிக்கணும், அந்தச் செலவையும் முதல்லயே கணக்குல சேர்க்கணும்.