அரைப் புள்ளி

நவம்பர் 11, 2021

விடாத மழை. அப்பா காலையிலிருந்து வயலுக்கும் வீட்டுக்குமாக நடக்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்.

நவம்பர் 12

இன்று வாய் திறந்தார். கோரையாறு தலைதட்டி ஓடுகிறதாம். வடிகால் தண்ணீரை வாங்கவில்லை, எதிர்த்து ஏறுகிறது. போதாததற்கு வெங்காயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது. "இன்னும் ரெண்டு நாள் தாங்கும். அதுக்கு மேல நின்னா பயிர் கரைஞ்சிடும்" என்றார். அம்மா காதில் விழாததுபோல் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி பன்னிரண்டரைக்கு ஃபார்முலா ஒன் கார் பந்தயம், பிரேசில் தகுதிச்சுற்று. எப்படியும் தூக்கம் வரப்போவதில்லை. வயிற்றுப்பிள்ளைக்காக இடதுபக்கமாகவே படுக்கச் சொல்லியிருக்கிறார்கள், தோள் மரத்துப்போகிறது.

நவம்பர் 13

என் ஆள் ஹாமில்டன் முதலிடம். பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் தம்பி எழுப்புகிறான்: "அக்கா, ஒன் ஆளு ரெக்கையில கோளாறாம்." சொல்லும்போதே பல்லெல்லாம் தெரிகிறது அவனுக்கு.

காரின் பின்இறக்கை திறக்கும்போது இடைவெளி 85 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. சோதித்ததில் தாண்டியிருக்கிறது. நாள் முழுக்கத் தீர்ப்பு வரவில்லை. அதற்கு நடுவில், வண்டிகளை நிறுத்தியிருந்த இடத்தில் அவனோடு பட்டத்துக்கு மோதுகிற மேக்ஸ், தம்பியின் ஆள், வந்து அந்த இறக்கையைத் தொட்டுப் பார்க்கிற வீடியோ கிளம்பியது. தொட்டதற்கு அபராதம் 50,000 யூரோ. தொட்டவன் பணம் கட்டிவிட்டுத் தன் இடத்திலிருந்து கிளம்புவான். ஹாமில்டன் கடைசியிலிருந்து கிளம்ப வேண்டும்.

தாண்டியது எவ்வளவு என்றால் 0.2 மில்லிமீட்டர்.

என் வீட்டுக்காரர் கத்தாரிலிருந்து போன் செய்தபோது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டியா?" என்றார். லீவைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேச்சை எடுக்கவில்லை.

நவம்பர் 14

ஸ்பிரிண்ட் என்கிற குட்டிப் பந்தயத்தில் 24 சுற்றுக்குள் இருபதாவது இடத்திலிருந்து ஐந்தாவது இடம்! இஞ்சின் மாற்றியதற்கு ஐந்து இடம் கழித்து, இன்றைக்கு மறுபடி பத்தாவதிலிருந்து.

மழை விட்டிருக்கிறது. வயல் தண்ணீர் அப்படியே நிற்கிறது.

நவம்பர் 15

ஜெயித்துவிட்டான்.

48-வது சுற்றில் மேக்ஸ் அவனைத் தடத்துக்கு வெளியே வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான், விசாரணையே இல்லை என்றார்கள். 59-வது சுற்றில் நான்காவது வளைவுக்கு முன்னாலேயே ஹாமில்டன் அவனைத் தாண்டினான். நான் போட்ட கூச்சலில் அம்மா வலி என்று நினைத்துத் தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடி வந்துவிட்டாள். பின்னாலேயே அப்பா, கையில் டார்ச். மணி பன்னிரண்டை நெருங்குகிறது, ரெண்டு பேரும் என் வயிற்றைப் பார்க்கிறார்கள், நான் டிவியைக் காட்டுகிறேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா உட்கார்ந்தார். கடைசிவரை பார்த்தார். ஹாமில்டன் பிரேசில் கொடியை வாங்கிப் பிடித்தபடி சுற்றி வந்தபோது, "நம்ம கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தன் ஓட்டுனானே, என்ன ஆனான்?" என்று கேட்டார்.

நரேன் கார்த்திகேயனைச் சொல்கிறார். 2005 ஜூன், இண்டியானாபொலிஸ். மிஷெலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் பந்தயம் தொடங்குமுன் ஓடுகிற சுற்றைச் சுற்றிவிட்டு அப்படியே உள்ளே போய்விட்டன. மீதி ஆறு கார்தான் பந்தயம் ஓடியது. நரேன் நான்காவது, ஐந்து புள்ளி. அந்தச் செய்தித்தாளை அப்பாதான் மடித்துக்கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது அன்றைக்குத்தான். ஆறு பேரில் நான்காவது என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவர்களிடம் எல்லாம் சண்டைக்குப் போயிருக்கிறேன். உள்ளே போனவர்கள் போனார்கள், ஓடியவன் ஓடினான், புள்ளி புள்ளிதான்.

நவம்பர் 17

கார்த்திகை பிறந்துவிட்டது. ஸ்கேனில் பனிக்குட நீர் குறைவு. எட்டு இருந்தால் நல்லது, எனக்கு ஏழு. நிறையத் தண்ணீர் குடி, இளநீர் குடி, அடுத்த வாரம் வா.

திரும்பி வரும்போது ஆட்டோவிலிருந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். எங்கே வயல், எங்கே வாய்க்கால் என்று தெரியவில்லை. வரப்புகூட இல்லை, ஒரே வெள்ளை. அப்பா, "இருக்க வேண்டிய எடத்துல இல்ல பாரு" என்று ஏதோ ஆரம்பித்தார். அம்மா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

நவம்பர் 19

காலையில் வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுகிறோம் என்று டிவியில் பிரதமர். அப்பா முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார்.

இன்றைக்குத் தீபம். இன்றைக்கே சந்திர கிரகணமும். அது இந்தப் பக்கம் தெரியவே தெரியாது, வடகிழக்கு மூலையில் கொஞ்சம் தெரியுமாம். ஆனாலும் மத்தியானம் முழுக்க என்னை அறையில் போட்டு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். கத்தியை எடுக்காதே, ஊசியைத் தொடாதே என்று அப்பாயி வாசலிலேயே காவல். கொசு. புழுக்கம். கத்தார் பந்தயம் நடக்கப்போகிற லோசெய்ல் தடத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். சாயங்காலம் ஏற்றிய அகல் எதுவும் காற்றில் நிற்கவில்லை.

நவம்பர் 21

பந்தயம் அவர் இருக்கிற ஊரிலேயே. "கிட்டத்தானே, போய்ப் பார்த்தால் என்ன?" என்றேன். ஷிப்ட் என்றார். ஊரே கொடி கட்டியிருக்கிறதாம், அவ்வளவு வெளிச்சமாம். அவருக்கு ஃபார்முலா ஒன் என்றால் சத்தம், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் இதற்காகவே ஒரு மாதிரி வருத்தமாக இருந்திருக்கிறேன்.

ஹாமில்டன் ஜெயித்தான். மேக்ஸ் எச்சரிக்கை மஞ்சள் கொடியை மதிக்காததற்கு ஐந்து இடம் பின்னால் போய், அப்படியும் இரண்டாவதாக வந்துவிட்டான். அலோன்சோ மூன்றாவது! 2014க்குப் பிறகு இப்போதுதான் மேடை ஏறுகிறார். நாற்பது வயது. அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே.

மொத்தப் புள்ளி: மேக்ஸ் 351.5, ஹாமில்டன் 343.5.

நவம்பர் 22

லீவு "பார்க்கலாம்" என்றார்களாம். யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது?

நவம்பர் 26

மறுபடி மழை. தேங்கியதில் பாதி வடிந்த நேரம் பார்த்து மறுபடி. தக்காளி கிலோ நூறைத் தாண்டிவிட்டது, அம்மா புளியை வைத்தே ஓட்டுகிறாள். புதிதாக ஒரு வைரஸ், ஒமிக்ரானாம். பேரைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: விமானத்தை நிறுத்திவிடுவார்களோ.

குழந்தை சாயங்காலம்வரை அசையவில்லை. வெல்லத்தண்ணீர் குடித்தேன். இடதுபக்கம் படுத்தேன். கையை வைத்துக்கொண்டு எண்ண வேண்டும், பத்து உதை. ஒன்று, இரண்டு, பிறகு ஒன்றுமே இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. கடைசியில் தம்பி உள்ளே வந்து பழைய பந்தயம் எதையோ சத்தமாகப் போட்டான், அந்த இஞ்சின் இரைச்சலுக்கு உள்ளே புரண்டதே ஒரு புரளு! ஃபெராரி சத்தம் என்கிறான் அவன். பிள்ளை ஃபெராரி கட்சியாகிவிட்டால் ஜென்மத்துக்கும் தோல்விதான்.

நவம்பர் 29

வில்லியம்ஸ் அணியின் ஃபிராங்க் வில்லியம்ஸ் நேற்றுப் போய்விட்டார். 1986இல் பிரான்சில் சாலை விபத்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருடம் சக்கர நாற்காலியிலிருந்தே அணியை நடத்தினார்! மான்செல், ப்ராஸ்ட், ஹில், வில்நுவ் எல்லாரும் அவர் அணியில் பட்டம் வாங்கியது விபத்துக்குப் பின்னால்தான்.

டிசம்பர் 4

சூரிய கிரகணம். அண்டார்டிகாவில். இங்கே என்னை மறுபடி அறையில் போட்டார்கள்.

ராத்திரி ஜெட்டா. பத்தரைக்குத் தகுதிச்சுற்று. மேக்ஸ் ஓட்டிய கடைசிச் சுற்றைப் போல ஒன்றை நான் பார்த்ததே இல்லை. எதிரிதான், இருந்தாலும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சுவர், சுவரை உரசுகிற மாதிரியே ஒவ்வொரு வளைவும். இன்னும் ஒரே ஒரு வளைவு பாக்கி. அதில் போய் இடித்தான். தம்பி தலையணையால் முகத்தை மூடிக்கொண்டான், எனக்கே பாவமாக இருந்தது.

டிசம்பர் 6

சமம். 369.5, 369.5.

நேற்று ராத்திரி பதினொன்றுக்கு ஆரம்பித்து, இரண்டு தடவை சிவப்புக் கொடி காட்டி நிறுத்தி, நேரம் காலம் இல்லாமல் போனது. இடம் விட்டுக்கொடுக்கிறேன் என்று மேக்ஸ் நடுத்தடத்தில் பிரேக் அடிக்க, பின்னால் வந்த ஹாமில்டன் போய் மோதினான். முன்இறக்கை ஒடிந்த வண்டியிலேயே ஜெயித்தான், மிக வேகமான சுற்றுக்கு ஒரு புள்ளி கூடுதல். கடைசிப் பந்தயத்துக்கு இரண்டு பேரும் ஒரே புள்ளியில். 1974க்குப் பிறகு இப்படி நடந்ததில்லை.

எனக்கு உறுத்துவது அந்த அரைப் புள்ளி. அது எங்கிருந்து வந்தது? ஆகஸ்டில், பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், மழையிலிருந்து. கொட்டுகிற மழையில், வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் ஓடுகிற சேஃப்டி காருக்குப் பின்னால் வரிசையாகக் கொஞ்சம் ஊர்ந்தார்கள், அதைப் பந்தயம் என்று எழுதிப் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். மேக்ஸுக்கு 12.5, ஹாமில்டனுக்கு 7.5. ஒருவரை ஒருவர் முந்தவே இல்லை. மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? வருடம் முழுக்க ஓடியதற்கும், ஓடாத அந்த ஒரு நாளுக்கும் ஒரே கணக்குப் புத்தகம்.

அப்பாவும் கணக்குத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று எழுதினால்தான் நிவாரணம். மேல்வயல் நிமிர்ந்துவிட்டது. பள்ளவயல் போய்விட்டது. நடுவில் இருக்கிறதை என்னவென்று எழுதுவார்கள்? தூரைப் பிடுங்கிக்கொண்டுவந்து காட்டினார். மேலே பச்சை, அடியில் வேர் கறுத்து, தொட்டாலே வழுக்குகிறது, சாக்கடை நாற்றம். "பாக்க வர்றவன் ரோட்டுல நின்னு பாத்தா பச்சையாத்தான் தெரியும்" என்றார்.

டிசம்பர் 8

குன்னூரில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து யாரும் டிவியை நிறுத்தவில்லை.

டிசம்பர் 10

லீவு கிடைத்துவிட்டது! பதினெட்டாம் தேதி கிளம்புகிறார். பதினைந்து நாள். அம்மா அதற்குள் மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள்.

டிசம்பர் 12, மத்தியானம்

ஆறரைக்குப் பந்தயம். தம்பி மேக்ஸ் ரசிகர்களின் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறான். பழைய சாம்பியன் கிமி ரைக்கோனனுக்கு இன்றைக்குக் கடைசிப் பந்தயம், அதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. இரண்டு பேரும் முட்டிக்கொண்டு வெளியேறினால்கூட, ஒரு வெற்றி கூடுதல் என்பதால் பட்டம் மேக்ஸுக்குத்தான்.

டிசம்பர் 13

எழுதவே பிடிக்கவில்லை.

58 சுற்றில் 52-வது சுற்றுவரை பந்தயம் ஹாமில்டன் கையில். மேக்ஸின் அணிக்காரன் பெரெஸ் வந்து மறித்து நேரத்தைத் தின்றபோதுகூட நான் பயப்படவில்லை. 53-வதில் லத்தீஃபி என்கிறவன் சுவரில் இடித்தான். சேஃப்டி கார். மேக்ஸ் உள்ளே போய்ப் புது மென்டயர் மாட்டிக்கொண்டு வருகிறான். ஹாமில்டனிடம் 14-வது சுற்றில் மாட்டிய வன்டயர், அவன் உள்ளே போனால் முதலிடம் போய்விடும், போக முடியாது. சரி, அதுவரைக்கும் விதி, யாரையும் குறை சொல்ல மாட்டேன். இருவருக்கும் நடுவே சுற்று பின்தங்கிய ஐந்து கார்கள். அவற்றை சேஃப்டி காரை முந்த விடமாட்டோம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ஐந்தை மட்டும் விட்டார்கள். முந்தவிட்டால் பின்தங்கியவர்கள் எல்லாரையும் விட வேண்டும், அதற்கு அடுத்த சுற்றின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே போக வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் பந்தயமே முடிந்திருக்கும். ஒரே ஒரு சுற்று ஓட விட்டார் பந்தய இயக்குநர் மைக்கேல் மாசி. ஐந்தாவது வளைவிலேயே மேக்ஸ் தாண்டிவிட்டான், முடிந்துவிட்டது.

தம்பி குதிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். கொஞ்ச நேரம் கழித்து, "நரேனோட அஞ்சு புள்ளி செல்லும்னா இதுவும் செல்லும்தானேக்கா?" என்றான். நான் சொன்ன பதில்: இண்டியானாபொலிஸில் அந்த 14 பேரும் தாங்களாகப் போனார்கள், ஓட்டத்தின் நடுவில் யாருக்காகவும் புத்தகத்தை மாற்றி எழுதவில்லை. அவன் சரி என்றான். எனக்குச் சரியாகவில்லை. ராத்திரி முழுக்க அந்த வாதத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். ஹாமில்டனின் அணி மெர்சிடிஸ் கொடுத்த இரண்டு புகாரையும் தள்ளிவிட்டார்களாம். மேல்முறையீட்டுக்கு யோசிக்கிறார்களாம்.

மேக்ஸ் நன்றாக ஓட்டினான். அதை நான் எப்போது இல்லை என்றேன்?

ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. காரணத்தை நர்ஸிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 15

விண்ட்சரில் ஹாமில்டனுக்கு சர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் அம்மா நிற்கிறார். முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிக்கிறான், கண் சிரிக்கவில்லை. அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ.

டிசம்பர் 16

மார்கழி ஒன்று. விடியுமுன் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது. மெர்சிடிஸ் மேல்முறையீடு செய்யப்போவதில்லையாம். இன்றைக்கே பாரிஸில் கோப்பை கொடுக்கிறார்கள், ஹாமில்டன் போகவில்லை. போகாதது சரி.

அவருடைய பிசிஆர் கொரோனா சோதனை நாளைக்கு.

டிசம்பர் 17

நீர் ஐந்துக்கு வந்துவிட்டது. இன்றைக்கே வந்து சேரச் சொல்கிறார்கள். ஆதார், பழைய ஸ்கேன் எல்லாம், அம்மாவின் பழைய பருத்திப் புடவை, ஃப்ளாஸ்க், சார்ஜர். தம்பி கார் சொல்லப் போயிருக்கிறான். பயிரைப் பார்க்க இன்று மத்தியானம்தான் வருகிறார்களாம், அப்பா வயலிலேயே நிற்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன், யாராவது கூட நடந்து பள்ளவயல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனால்தான், இல்லாவிட்டால் ரோட்டில் நின்றபடியே