வட்டு மறையும் ஆழம்

பெப்ரவரி 18
நீரின் தெளிவைப் பார்க்க இறக்கும் வட்டு 2.1 மீட்டர் ஆழத்தில் கண்ணுக்கு மறைந்தது. மூன்று நாளாக மழை இல்லை.

பெப்ரவரி 19
மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்க இறங்க, மூழ்கிக் கிடந்த பழைய மஸ்கெலியாக் கோயிலைப் பார்க்கக் கரையில் கூட்டம். நமக்கு வேண்டியது இன்னும் நீருக்குள் கிடக்கும் தரை, 10க்கு 10 மீட்டர்: படங்களை மென்பொருளில் ஒட்டி முப்பரிமாண மாதிரி செய்து, படிந்த மண்ணின் தடிப்பை அளக்க. கமராவைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தொங்கவிடுவதாக இருந்தது. இந்தத் தண்ணீரில் முடியாது, படம் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். 0.8 மீட்டருக்கு இறக்கியதும் கணக்கெல்லாம் மாறிவிட்டது. முழுச் சட்டக் கமரா, 20 மி.மீ. லென்ஸ்: ஒரு படத்தில் 1.44க்கு 0.96 மீட்டர் தரை விழும். அடுத்தடுத்த படங்கள் 80 வீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய 19 செ.மீ.க்கு ஒரு படம் வேண்டும். பக்கத்து வரிசைக்கு 60 வீதம் போதும், 58 செ.மீ. தள்ளி ஓடலாம். 18 வரிசை, ஏறத்தாழ 950 படம். குறுக்காகவும் ஓடினால் இரட்டிப்பு. செக்கனுக்கு ஒரு படம் என்பதால் படகு 19 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. மோட்டார் போட்டால் அடிச்சேறு கிளம்பும். கரைக்குக் கரை கயிறு கட்டி இழுப்பதுதான் சரி.

பெப்ரவரி 21
ஆழமானி தண்ணீருக்கு வெளியிலேயே −1.3 மீட்டர் காட்டியது. பழுது இல்லை. கடல் மட்டத்து 1013 மில்லிபாரைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும் கருவி, இந்த உயரத்தில் காற்றழுத்தமோ 880 அளவுதான். காலைதோறும் கரையில் வைத்துப் பூச்சியமாக்க வேண்டும். உப்புநீர் என்றிருப்பதை நன்னீருக்கு மாற்றாவிட்டால் 10 மீட்டரில் 25 செ.மீ. குறைத்துக் காட்டும். ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரிலும் இதே கதை: ஒலிவேகம் 1500 என்று கிடந்தது. 20 பாகை நன்னீரில் செக்கனுக்கு 1482 மீட்டர்.

பெப்ரவரி 22
வட்டு 2.4!

பெப்ரவரி 23
விளக்கை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் மிதக்கும் மண்துகள்தான் முதலில் மின்னும். இரு பக்கமும் 60 செ.மீ. தள்ளி, கொஞ்சம் வெளிப்புறம் திருப்பியதும் புள்ளிகள் அடங்கின. குவியத்தை நீருக்குள் பிடித்துப் பூட்ட வேண்டும். டோமுக்குள், அதாவது கமராப் பெட்டியின் குவிந்த முன்கண்ணாடிக்குள், இருக்கும் லென்ஸ் தரையைப் பார்ப்பதில்லை, டோமுக்கு முன்னே சில அங்குலத்தில் விழும் மாயபிம்பத்தைத்தான் பார்க்கிறது.

பெப்ரவரி 26
மாதிரியில் தரை உப்பி வந்திருக்கிறது. நடுவில் 11 செ.மீ. மேடு. நான்கு மூலையிலும் நடுவிலும் இறக்கிய ஆழமானி அப்படிச் சொல்லவே இல்லை. எல்லாப் படமும் நேர் கீழ்நோக்கி எடுத்தது. அப்படி எடுத்தால், லென்ஸ் வளைவில் உள்ள சிறு பிழையை மென்பொருள் தரையின் தலையில் கட்டிவிடும்.

பெப்ரவரி 27
11 செ.மீ. விடமாட்டேன் என்கிறது. கடலில் 4,000 மீட்டர் ஆழத்துக்கு 1 பாகை ஒலிக்கற்றை இறங்கினால் அடியில் 70 மீட்டர் அகலம் ஒரே புள்ளி. அப்படி அளந்ததையும் சேர்த்தே, கடலடி முழுவதையும் வரைபடமாக்கும் சீபெட் 2030 திட்டத்தின் 2024 ஜூன் கணக்கில் அளந்து முடிந்தது உலகக் கடலடியில் 26.1 வீதம். அங்கே 11 செ.மீ. கண்ணில் படாது. இங்கே அளக்க வந்ததே படிந்த மண்ணின் தடிப்பை.

மார்ச் 2
கமராவை 30 பாகை சாய்த்து மறுபடி, குறுக்கு வரிசைகளோடு. 1 மீட்டர் அளவுகோல் நான்கு: இரண்டை மென்பொருளுக்குக் கொடுத்து, இரண்டைச் சோதனைக்கு ஒளித்து வைத்தோம். நான்கையும் கொடுத்துவிட்டால் பிழையை எதில் பார்ப்பது? ஒளித்தவை 0.998, 1.003. மேடு 2 செ.மீ.க்கு இறங்கியது. அப்பாடா.

ஆனால் 11ஆம், 12ஆம் வரிசைகளுக்கிடையே ஓட்டை. கயிறு தளர்ந்திருக்கிறது.

மார்ச் 5
பின்னேரம் இடிமழை. தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கிப்போட்ட மலைகளிலிருந்து செந்நீர். வட்டு 0.6.

மார்ச் 6
0.4.

மார்ச் 9
0.7. படங்களைப் பொருத்தத் தரையில் வைத்த குறியட்டைகள் அசைந்திருந்தால் புதுப் படங்கள் பழைய மாதிரியோடு ஒட்டாது. இரும்புக் கம்பியை இறுகும் வரை அடித்து, அதன் தலையில் கட்டியவை தாங்கும். சேற்றில் சும்மா வைத்த இரண்டை நம்ப முடியாது.

மார்ச் 11
0.9. 1.3 வந்தால் போதும். 0.5 மீட்டர் உயரத்தில், 12 செ.மீ.க்கு ஒரு படமாக அந்த ஓட்டையை மட்டும் மூடலாம்.

மார்ச் 12
1.1. சிவனொளிபாத மலைப் பக்கம் மேகம் கட்டுகிறது. பற்றரிகள் ஏற்றியாயிற்று.