பாண்டில் விழுந்த குண்டுகள்: கோள்களின் குழிகளைச் செய்து பார்த்த அனுபவம்

ஒரே இரும்புக் குண்டு, ஒரே உயரம். காய்ந்த மணலில் விட்டால் ஒரு மாதிரிக் குழி, சேற்றில் விட்டால் வேறு மாதிரிக் குழி, மேலே தண்ணீர் நின்றால் குழியே இல்லை. விண்கற்கள் மோதி நிலா, செவ்வாய், வெள்ளியில் விழுந்த குழிகளைப் பற்றிப் பல வருஷமாகப் படித்ததெல்லாம் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. இதுவரை ஆன வேலையை எழுதி வைக்கிறேன்.

இடம் வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. கொத்தனார் கலவை அள்ளும் பாண்டு ஒன்று. அதில் முக்கால்வாசிக்குச் சலித்த மணல், அதன் மேல் இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைக் கோலமாவு, அதற்கும் மேல் சல்லடையால் தூவிய மெல்லிய கறுப்பு மணல். கறுப்பு மணல் கடற்கரையில் அலை விட்டுப்போகும் வரிகளிலிருந்து வழித்தது. நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். உப்பு இருந்தால் நம் ஊர் ஈரக்காற்றில் மணல் கட்டிகட்டியாகிவிடும். காலையிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது. மதியம் கடற்காற்று ஏறிவிட்டால் மேல் படலம் நிற்காது.

குண்டுக்குத் தெருமுனை லேத் பட்டறை அண்ணனிடம் போய்ப் பழைய பால்ரஸ் கேட்டேன்.

"இன்னாத்துக்கு தம்பி, சைக்கிளுக்கா?"

"இல்லண்ணா, நிலாவுல குழி எப்டி வுழுதுன்னு பாக்கணும்."

சைஸ் வாரியாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "வுழுந்ததும் எனக்கும் காட்டு" என்றார். காட்டினேன். அதிலிருந்து குண்டுக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் உயரம். 12 மி.மீ. குண்டை 25 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் குழியின் அகலம் நாலரை செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மீட்டரிலிருந்து விட்டால் ஆறு செ.மீ.யைச் சற்றே தாண்டுகிறது. பாண்டைக் கீழே முற்றத்தில் வைத்து, மாடிப்படி வளைவிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில் விட்டால் ஒன்பதை நெருங்குகிறது. அதாவது உயரம் பதினாறு மடங்கு ஏறினால் அகலம் இரண்டு மடங்குதான் ஆகிறது. மோதலின் ஆற்றல் மணலைத் தள்ளுவதிலும் தூக்கி எறிவதிலும் செலவாகிவிடுகிறது. குழி பெரிதாக ஆக, இன்னும் அதிக மணலை இன்னும் அதிக தூரத்துக்குத் தள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் கண்ணை விட்டு அகலாதது அகலம் இல்லை, கதிர்கள்தான். குண்டு விழுந்த நொடியில் கறுப்புப் படலத்தைக் கிழித்துக்கொண்டு அடியிலிருந்த கோலமாவு நாலாபுறமும் வெள்ளைக் கோடுகளாகப் பாய்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் வெறுமை. பௌர்ணமி நிலாவின் தென்பக்கத்தில் டைக்கோ என்ற குழியைப் பாருங்கள், அச்சாக இதே உருவம். டைக்கோவின் அகலம் 85 கி.மீ., ஆனால் அதன் கதிர்கள் 1,500 கி.மீ.க்கும் மேல் ஓடுகின்றன. வயது ஏறக்குறைய 11 கோடி ஆண்டு. நிலாக் கணக்கில் அது நேற்று விழுந்தது. அதனால்தான் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. சூரியக் காற்றும் நுண்துகள்களும் ஓயாமல் அடித்து நிலா மண்ணை மெல்லக் கருக்கவைக்கும், பழைய குழிகளின் கதிர்கள் அப்படித்தான் மறைந்துபோயின. நிலாவின் வெளுத்த மேட்டுநிலம் அனார்த்தோசைட் என்ற பாறை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அங்கிருந்து எடுத்து அரைத்த மண்ணைப் பரப்பித்தான் சந்திரயான்-2க்கான சோதனைகளை இஸ்ரோ செய்தது.

அடுத்தது சாய்வு. அக்கா மகள் உண்டிவில்லை எடுத்துக்கொண்டு, "மாமா, நான் அடிக்கிறேன்" என்று நின்றாள். சாய்த்து அடித்தால் குழி நீள்வட்டமாக வந்தது. நிலாவிலோ சாய்வாக விழுந்த கற்களும் பெரும்பாலும் வட்டக் குழிகளையே விட்டிருக்கின்றன. 1890களில் குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற அமெரிக்க நிலவியலாளர் இப்படியே குண்டு போட்டுப் பார்த்து இந்த இடத்தில்தான் திணறினார். விடை வேகத்தில் இருக்கிறது. நாலு மீட்டரிலிருந்து விழும் என் குண்டு நொடிக்கு ஒன்பது மீட்டர்கூடத் தொடாது. விண்கல் வருவது நொடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர். அந்த வேகத்தில் கல் மண்ணைத் தோண்டுவதில்லை, வெடிக்கிறது. வெடிப்புக்குத் திசை பெரிதாகத் தெரியாது. மிகவும் தாழ்வான கோணத்தில் உரசிக்கொண்டு வந்தால் மட்டும் குழி நீளும். நிலாவில் மெஸ்ஸியர் என்ற குழி அப்படிப்பட்டது. பக்கத்துக் குழியிலிருந்து இரண்டு வால்கள் ஒரே பக்கமாக நீண்டிருக்கும். வளர்பிறை அஷ்டமி வாக்கில் என் 70 மி.மீ. தொலைநோக்கியிலேயே அந்த வால்கள் தெரிந்தன. துறைமுக விளக்கும் மணலி ஆலைகளின் வெளிச்சமும் நட்சத்திரங்களை விழுங்கிவிடும் ஊர் இது. நிலாவை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சேறு. களிமண்ணும் மணலும் கலந்து இட்லி மாவு பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் இறுகவிட்டு, குண்டை விட்டேன். இங்கே கதிரே இல்லை. வெளியே தள்ளப்பட்ட சேறு நாக்கு நாக்காக வழிந்து, ஓரத்தில் தடித்து நின்றது. 1976இல் செவ்வாய்க்குப் போன வைக்கிங் கலங்கள் எடுத்த படங்களில் இப்படி வழிந்து நின்ற குழிகள் நிறைய. நிலத்தடியில் இருந்த பனி மோதலில் உருகி மண்ணோடு கலந்து ஓடியது என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். செவ்வாயின் மெல்லிய காற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். என் பாண்டு முதல் விளக்கத்தின் பக்கம் நிற்கிறது. அங்கே காற்றை மாற்றிப் பார்க்க என்னிடம் வழி இல்லை.

ஆனால் கனத்த காற்றுக்கு ஒரு வழி உண்டு, தண்ணீர். மணல் மேல் ஒரு சாண் தண்ணீர் நிறுத்தினேன். சின்னக் குண்டுகள் வேகம் இழந்து மெதுவாகப் போய் உட்கார்ந்தன. மணல் லேசாகக் கலங்கியதோடு சரி. பெரிய குண்டு மட்டும் ஆழமில்லாத ஒரு பள்ளம் போட்டது. வெள்ளியின் கதை இதுதான். அங்கே தரையில் காற்றழுத்தம் நமதைப் போல 90 மடங்குக்கும் மேல். அந்தக் காற்றின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. 1990இலிருந்து மாகெல்லன் கலம் ரேடார் மூலம் வரைந்த படத்தில் வெள்ளி முழுக்க ஆயிரம் குழிகள் தேறுவதே கஷ்டம். இரண்டு மூன்று கி.மீ.க்குச் சின்னதாக அநேகமாக எதுவும் இல்லை. சின்னக் கற்கள் காற்றிலேயே நொறுங்கிவிடுகின்றன. சில இடங்களில் குழி இல்லாமல் கரிய திட்டு மட்டும் இருக்கிறது. அங்கே கல் தரையைத் தொடவில்லை, அதிர்ச்சி அலை மட்டும் வந்து மண்ணை அடித்திருக்கிறது. என் மணல் கலங்கியதைப் பார்த்தபோது எனக்கு அந்தத் திட்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது எண்ணிக்கை. பல சைஸ் குண்டுகளைக் கலந்து தொடர்ந்து போட்டுக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் புதுக்குழி ஒவ்வொன்றும் ஒரு பழைய குழியை அழித்துவிடுகிறது, மொத்தம் ஏறுவதில்லை. நிலாவின் மேட்டுநிலமும் வியாழனின் துணைக்கோள் கலிஸ்டோவும் அந்த நிலைக்கு வந்தவை. அதே வியாழனைச் சுற்றும் அயோவில் மோதல் குழி ஒன்றுகூட இதுவரை காணப்படவில்லை. எரிமலைகள் கக்குவது எல்லாவற்றையும் மூடிக்கொண்டே இருக்கிறது. அதனால் அடுத்த முறை நான் குண்டு போடப் போட, அக்கா மகள் சல்லடையில் மணலைத் தூவிக்கொண்டே இருப்பாள். எந்த வேகத்தில் தூவினால் பாண்டு கலிஸ்டோவாக இல்லாமல் அயோவாக மாறுகிறது என்று அளக்க வேண்டும். அதற்கு இன்னும் மூன்று மி.மீ. பால்ரஸ் வேண்டும், அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.