இதயத்தின் முறுக்கை எக்கோவில் அளக்கப் பழகிய கதை

எக்கோ, அதாவது அல்ட்ராசவுண்டில் இதயத்தைப் படம் எடுப்பதுதான் என் வேலை. அறையின் அளவு, வால்வுகள், ஒரு துடிப்பில் எத்தனை சதவீத ரத்தம் வெளியேறுகிறது என்று சொல்லும் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் என்று தினமும் எழுதுகிறேன். முறுக்கை அளக்க ஆரம்பித்தது ரொம்பத் தாமதமாகத்தான்.

இடது கீழறை சுருங்கும்போது உள்நோக்கி ஒடுங்குவதோடு திருகவும் செய்கிறது. நுனிப் பக்கமிருந்து பார்த்தால் வால்வுகள் உள்ள மேல்பகுதி வலஞ்சுழியாகத் திரும்பும், நுனி இடஞ்சுழியாகத் திரும்பும். ஈரத்துணியைப் பிழிவதோடு இதை ஒப்பிட்டு ரிச்சர்ட் லோயர் 1669-லேயே எழுதிவிட்டார். சுவரின் உள்ளடுக்குத் தசைநார்களும் வெளியடுக்குத் தசைநார்களும் எதிரெதிர் சுருளாக ஓடுகின்றன. வெளியடுக்கு மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் அதன் இழுப்பே ஜெயிக்கிறது.

அளக்க இரண்டு குறுக்குவெட்டு வீடியோ வேண்டும்: இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு மட்டத்தில் ஒன்று, நுனியில் ஒன்று. முதலாவது சுலபம். இரண்டாவதில்தான் பொறுமை தேவை. வழக்கமான இடத்திலேயே ப்ரோபை (மார்பில் வைத்துப் படமெடுக்கும் கருவி) வைத்துக் கீழே சாய்த்தால் நுனி மாதிரி ஒரு படம் வரும், ஆனால் அது சாய்வாக வெட்டிய படம். வட்டம் முட்டை வடிவமாகிவிடும். விலா இடுக்கு ஒன்றோ இரண்டோ கீழே இறங்கி, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து தேட வேண்டும். மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் பாப்பிலரி தசைகள் மறைந்து, வலது கீழறையும் படத்திலிருந்து விலகி, நடுவில் சின்ன வட்டம் மட்டும் நின்று, அது சுருங்கும்போது கிட்டத்தட்ட மூடிக்கொண்டால் சரியான இடம். படுத்திருப்பவரை இடப்பக்கம் நன்றாகத் திருப்பி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னால் நுரையீரல் வழிவிடும். வெட்டு நுனியிலிருந்து கொஞ்சம் மேலே போனாலும் சுழற்சி குறைவாகத்தான் பதிவாகும். அதனால் இங்கே செலவாகும் நேரத்தை நான் வீண் என்று நினைப்பதில்லை.

இரண்டு வீடியோவும் வெவ்வேறு துடிப்பில் எடுப்பவை. ஈசிஜியில் இதயத்துடிப்பு வேகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். நொடிக்கு 50 முதல் 80 ஃப்ரேம் வைத்துக்கொள்கிறேன். அதைவிடக் குறைத்தால் வேகமான அசைவு தவறிப்போகும். ரொம்பக் கூட்டினால் படத்தின் தெளிவு போய்விடும்.

அப்புறம் ஸ்பெக்கிள் ட்ராக்கிங். தசைக்குள் தெரியும் பொடிப்பொடிப் புள்ளிகளின் அமைப்பை மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் தேடிப் பின்தொடர்கிறது. உள்சுவரை வரைந்து கொடுத்ததும், கோடு தசையோடு சேர்ந்து அசைகிறதா என்று கண்ணால் பார்ப்பேன். தசை ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் என்று போனால் அந்தச் சுவர்த் துண்டை ஏற்க மாட்டேன், மென்பொருள் சரியென்று திரையில் பச்சை விளக்கு காட்டினாலும் சரி. தசையில் காந்தக் கோடுகளைப் பதித்து அவை வளைவதைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. டேக்கிங்கோடு இந்த முறையை ஒப்பிட்ட ஆய்வுகள் 2005-ல் வந்தன. இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின.

மென்பொருள் தரும் சுழற்சி வரைபடத்தில் மேல்பகுதியின் கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், நுனியின் கோடு மேலே ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முறுக்கு. ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலும் 10 முதல் 20 டிகிரிக்குள் வரும். அதை அறையின் நீளத்தால் வகுத்தால், பெரிய இதயத்தையும் சிறிய இதயத்தையும் ஒப்பிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்ட்டிக் வால்வு மூடும் சமயத்தில் உச்சத்தைத் தொட்ட முறுக்குக் கோடு சடாரென்று சரியும். மைட்ரல் வால்வு திறப்பதற்கு முன்பே முறுக்கில் கணிசமான பங்கு அவிழ்ந்துவிடுகிறது, அந்த வேகம்தான் ரத்தத்தை உள்ளே உறிஞ்ச உதவுகிறது. இதயம் நிரம்பும் விதத்தை இவ்வளவு கண்கூடாக வேறெந்தக் கோட்டிலும் நான் பார்த்ததில்லை.

எண் பெரிதாக வந்தால் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. வயதானால் உள்ளடுக்கின் எதிர்ப்பு குறைந்து முறுக்கு கூடுவதுண்டு. தசை விரிந்து பலவீனமான இதயத்தில் குறையும். எனவே அறிக்கையில் வயது, துடிப்பு வேகம், ரத்த அழுத்தம், நுனிப்படத்தின் தரம் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். கருவிக்குக் கருவி எண் மாறுவதால், அடுத்த முறையும் அதே கருவி, அதே மென்பொருளில் பார்க்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.