ஏழு பேர், ஒரு மினிட் புக்

வேலூர் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் இரவில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தது நாங்கள் ஆறு பேர். யார் ஜிபேயில் பணம் வந்ததோ அவர் செலவு செய்வார், அதுதான் கணக்கு. ஒருநாள் லாங் பஜார் கடைக்காரர் ஒருவர் பெரிய தொகை தர வந்து, "ரசீது கொடுங்க" என்றார். யார் பேரில் கொடுப்பது? அலைச்சல் அங்கே ஆரம்பித்தது.

டிரஸ்டா, சங்கமா என்று ஆடிட்டர் கேட்டார். டிரஸ்ட் சுலபம், ஆனால் பத்திரம் எழுதியவர்கள் கையிலேயே எல்லாம் இருந்துவிடும். சங்கம் என்றால் பொதுக்குழு ஓட்டுப் போட்டு எங்களையே மாற்றலாம். சங்கம் என்று முடிவெடுத்தோம். 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஏழாவது ஆளாக, எங்களிடம் சாப்பிடும் பெரியவர் ஒருவரையே சேர்க்க நினைத்தோம். எந்தத் திண்ணையில் யார் படுக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் அத்துப்படி. முகவரி கேட்டேன். "இன்னா தம்பி, காட்பாடி ஸ்டேஷன் வாசல்னு போடு" என்றார். அடையாள அட்டையும் கிடையாது. வேறு வழியில்லாமல் என் அத்தையைச் சேர்த்தோம்.

துணை விதிகள் எழுதத்தான் ஒரு மாதம் ஆனது. 'வீடற்றோர்' என்றால் யார் என்பதிலேயே சண்டை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து வந்து, லாட்ஜ் காசு தீர்ந்து, ரோட்டோரம் படுப்பவருக்கு ஊரில் வீடு இருக்கிறது. அவருக்குப் போர்வை கொடுக்கலாமா? 'தங்க இடமின்றி இரவைத் தெருவில் கழிப்போர்' என்று எழுதி முடித்தோம். அதில் நான் தோற்றேன், இப்போது யோசித்தால் தோற்றது நல்லதுதான்.

அடுத்தது செக். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து என்று வைத்தோம். நான் செயலாளர், அத்தை பொருளாளர். "ஒரே வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் செக்ல கையெழுத்துப் போடக் கூடாது" என்று ஆடிட்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அத்தை நான்கு நாள் என்னோடு பேசவில்லை, ஆனால் பதவியை விட்டுக்கொடுத்தார். செயற்குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டத்திலேயே இருப்பதால் அதில் வாக்குவாதம் இல்லை.

முதல் முறை பதிவு அலுவலகத்திலிருந்து ஃபைல் திரும்பி வந்தது. தப்பு எங்களுடையதுதான்: ஒருவருக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், கையெழுத்தில் பின்னால். பதிவான பிறகு பான், வங்கிக் கணக்கு, அப்புறம் வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள். அவை முதலில் 3 ஆண்டுக்குத் தற்காலிகமாகத்தான் கிடைத்தன. லாங் பஜார் கடைக்காரருக்கு ஒருவழியாக ரசீது கொடுத்தோம்.

பதிவோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகி மாறினால் படிவம் 7. பின்னாளில் அத்தை செயற்குழுவிலிருந்தும் விலகியபோது அதை மறந்து, தாமதக் கட்டணம் கட்டினோம்.

இதற்கிடையில் பெரியவர் ஒரு காப்பகத்தில் தங்க ஆரம்பித்தார். காப்பகப் பொறுப்பாளர் கொடுத்த சான்றை வைத்து ஆதார் வந்தது, சங்கத்தில் உறுப்பினராகவும் ஆனார். முதல் பொதுக்குழுவில் கணக்கு வாசித்து முடித்ததும் கையைத் தூக்கினார்.

"போர்வை 40ன்னு படிச்சியே. 36 தான் தெருவுக்கு வந்துச்சு."

பில்லை எடுத்துப் பார்த்தோம், 40 தான். கூட்டத்தை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மீதி நாலும் பரண்மேல், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. கூட்டத்தில் நடப்பதை எழுதிவைக்கும் மினிட் புக்கில் அதையும் எழுதச் சொன்னார் பெரியவர். எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.